பாதி தெரிந்தபோதே முடிவெடுத்தவர்: டாக்டர் வூ லியன்-தே

எங்கள் பேட்ச்சுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆல் பாஸ் பேட்ச். 2020ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு டைம்டேபிள் வந்து, தள்ளிப்போய், திரும்ப வந்து, கடைசியில் ரத்தே ஆகிவிட்டது. அப்படிப் பரீட்சை எழுதாமல் பாஸ் ஆனவர்கள்தான் இப்போது ஃபைனல் இயரில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். அதற்கு அடுத்த வருஷம், 2021 மே மாதம், என் தாத்தா கொரோனாவில் இறந்தார். கடைசியா ஒருமுறை முகத்தைக்கூடப் பார்க்க முடியல. பிளாஸ்டிக் பையில் சுற்றி, நேராக மயானத்துக்குக் கொண்டு போனாங்க. அப்பா மட்டும் தூரத்தில் நின்றார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் முழுசா போகலை. யார் இந்த ரூல் எல்லாம் போட்டது என்று அப்போது கேட்டுக்கொண்டே இருந்தார்.

யார் போட்டது என்று தேடிப் போனபோதுதான் எனக்கு வூ லியன்-தே என்ற பெயர் கிடைத்தது. அந்த ரூல்களை எல்லாம் இவர் ஒருவரே எழுதவில்லை. ஆனால் முகத்தில் மாஸ்க், வீடு வீடாகச் சோதனை, தொடர்பில் இருந்தவர்களைத் தனியே வைத்தல், ரயிலை நிறுத்துதல், இறந்தவர்களை உடனே எரித்தல் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே குளிர்காலத்தில் சேர்த்துச் செய்து காட்டியவர் இவர். அப்போது அவருக்கு வயது 31.

ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படித்தவன் நான். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுவது இதுதான் முதல் தடவை. எடிட்டோரியல் டீம் ஜூனியர்ஸ் பிழை திருத்திடுவாங்க என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

பினாங்கு பையன்

வூ லியன்-தே 1879 மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். நம் ஊரிலிருந்தும் ஏராளமானோர் கப்பலேறிப் போய் வாழ்ந்தார்களே, அதே பினாங்கு. அப்பா சீனாவிலிருந்து பிழைக்க வந்த நகைத் தொழிலாளி. பெரிய குடும்பம். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஆங்கிலத்தில் படித்த லியன்-தே, 1896ல் ராணி ஸ்காலர்ஷிப் வாங்கினார். அது அவரைக் கேம்பிரிட்ஜ் எம்மானுவேல் கல்லூரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. அங்கே மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவர்தான். பிறகு லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை, மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று நிரூபித்த ரொனால்டு ராஸ் இருந்த லிவர்பூல், அப்புறம் ஜெர்மனி, பாரிஸ் பாஸ்டர் நிறுவனம். அந்தக் காலத்தில் நுண்ணுயிரியல் படிக்க இதைவிட நல்ல ரூட் கிடையாது.

இவ்வளவு படித்துவிட்டு 1903ல் ஊர் திரும்பினால், வேலை இல்லை. பிரிட்டிஷ் காலனி மருத்துவப் பணியில் மேல் பதவிகள் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான். மார்க்‌ஷீட்டில் தங்க மெடல் இருந்தாலும் தோல் நிறம் சரியில்லை என்றால் கதவு திறக்காது. கோலாலம்பூரில் கொஞ்ச காலம் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டு, பினாங்கில் சொந்தமாக கிளினிக் போட்டார்.

சும்மா கிளினிக்கைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அபினுக்கு எதிராக இறங்கிவிட்டார். மலாயாவில் அரசாங்க வருமானத்தில் பெரிய பங்கு அபினிலிருந்து வந்துகொண்டிருந்த நேரம் அது. விளைவு என்னவென்று யூகித்திருப்பீர்கள். அவர் கிளினிக்கைச் சோதனை போட்டார்கள். மருந்துக்காக வைத்திருந்த கொஞ்சம் அபின் கரைசல் கிடைத்தது. சட்டவிரோதமாக அபின் வைத்திருந்ததாக வழக்கு, அபராதம். அபினை எதிர்த்தவர் மீதே அபின் கேஸ்.

இந்த நேரத்தில்தான் சீன அரசிடமிருந்து அழைப்பு வந்தது. 1908ல் தியான்ஜின் நகரில் இருந்த ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராகப் போனார். அங்கே இன்னொரு சிக்கல். இவருக்குச் சீன மொழி சரளமாக வராது! வீட்டுப் பேச்சு வேறு, அங்கே அரசு மொழியான மாண்டரின் வேறு. படித்தது முழுக்க ஆங்கிலம். பாடம் நடத்தவே ஆங்கிலம்தான். தன் முன்னோர் நாட்டுக்கே போய் அந்த மொழியை டியூஷன் வைத்துக் கற்றுக்கொண்டார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது. காரணம் உங்களுக்கே தெரியும்.

மஞ்சூரியா, 1910

இப்போது கதை வடக்கே போகிறது.

1910 அக்டோபரில், ரஷ்ய எல்லையை ஒட்டிய மஞ்சூலி என்ற ஊரில் சிலர் காய்ச்சல் வந்து, ரத்தம் கக்கி இறந்தார்கள். அந்தப் பகுதியில் தார்பகன் என்று ஒரு பிராணி. மார்மட் இனம். பெரிய அணில் மாதிரி இருக்கும், பூமிக்குள் வளை தோண்டி வாழும். அதன் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் திடீரென்று விலை ஏறிவிட்டது. பரம்பரையாக வேட்டையாடிய மங்கோலியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: தள்ளாடி நடக்கும் பிராணியைத் தொடமாட்டார்கள். புதிதாகப் பணம் பார்க்க வந்த ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு அது தெரியாது. மெதுவாக ஓடுவது ஈஸியாக மாட்டும், அதைத்தான் பிடித்தார்கள். மாலையில் காற்றுப் புகாத சத்திரங்களில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு படுத்தார்கள்.

அங்கிருந்து ரயில். வடக்கே ரஷ்யர்கள் போட்ட ரயில்பாதை, தெற்கே ஜப்பானியர்கள் கையில் இருந்த ரயில்பாதை. 1904-05ல் இந்த இரண்டு நாடுகளும் சண்டை போட்டதே இந்த மண்ணில்தான். பெயருக்குத்தான் மஞ்சூரியா சீனாவுடையது. பெய்ஜிங்கில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது 5 வயதுகூட நிரம்பாத குழந்தைப் பேரரசர். அந்த அரசாங்கம் அதற்கப்புறம் முழுசா ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை. இதில் நோயைக் கட்டுப்படுத்த சீனாவால் முடியாது என்று ஆகிவிட்டால், அதையே காரணம் காட்டி ரஷ்யாவோ ஜப்பானோ உள்ளே வந்துவிடும். கூடவே சீனப் புத்தாண்டு வேறு வரப்போகிறது. லட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் ரயிலேறித் தெற்கே சொந்த ஊருக்குப் போகும் நேரம். நம்ம ஊர் தீபாவளிக் கூட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தக் கூட்டத்துக்குள் பிளேக்.

வெளியுறவுத் துறையிலிருந்து வூவுக்கு அழைப்பு வந்தது. ஒரு மைக்ராஸ்கோப், கொஞ்சம் உபகரணங்கள், ஒரே ஒரு சீனியர் மாணவர். இவ்வளவுதான் டீம். 1910 டிசம்பர் 24ஆம் தேதி ஹார்பின் வந்து இறங்கினார். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே 20, 30 டிகிரி குளிர்.

எலி இல்லாத பிளேக்

ஹார்பினை ஒட்டி ஃபூஜியாடியன் என்று சீனர்கள் வாழும் பகுதி இருந்தது. மக்கள்தொகை சுமார் 24,000. சாவு அங்கேதான் அதிகம். மூன்றாவது நாள், டிசம்பர் 27, ஒரு சத்திரத்தில் இறந்துபோன ஜப்பானியப் பெண்ணின் உடலை அங்கேயே வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்தார். இறந்தவர் உடலை அறுப்பது அங்கே பெரிய பாவம், விஷயம் வெளியே தெரிந்தால் ஊரே திரண்டு வரும். நுரையீரலிலும் ரத்தத்திலும் பிளேக் கிருமி நிறைந்திருந்தது.

அன்றைய உலகத்துக்குப் பிளேக் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. 1894ல் ஹாங்காங்கில் கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று. 1896ல் பம்பாயில் வந்தபிறகு இந்தியாவில் பல வருட ஆராய்ச்சி நடந்து, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்று முடிவும் ஆகியிருந்தது. அதனால் மஞ்சூரியாவுக்கு வந்த நிபுணர்கள் எலியைத் தேடினார்கள். எலிகளைப் பிடித்து அறுத்து அறுத்துப் பார்த்தார்கள். கிருமி கிடைக்கவில்லை. உடம்பில் நெறி கட்டியவர்களும் இல்லை. எல்லோருக்கும் இருமல், ரத்தம், ஓரிரு நாளில் மரணம்.

வூ வேறு முடிவுக்கு வந்தார். இது நுரையீரல் பிளேக். மனிதனின் மூச்சிலிருந்து, இருமலிலிருந்து நேராக இன்னொரு மனிதனுக்குப் போகிறது. எலி நடுவில் இல்லை.

இதைக் கேட்க இப்போது சாதாரணமாக இருக்கும். அவரிடம் அன்று இருந்த டேட்டா எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பிரேதப் பரிசோதனை, சில நாட்கள் பார்த்த நோயாளிகள், மற்றவர்கள் எலியில் எதுவும் கிடைக்காமல் திணறியது. எதிர்ப்பக்கம் இருந்ததோ பத்து வருஷத்துக்கும் மேலான ஆராய்ச்சி, பெரிய பெரிய பெயர்கள். முழு நிரூபணம் வரும்வரை காத்திருந்தால், புத்தாண்டு ரயில்கள் கிளம்பிவிடும்.

அவர் காத்திருக்கவில்லை. அறுவை சிகிச்சை அறைகளில் ஏற்கெனவே முகத்துணி பழக்கத்தில் இருந்தது. அதை எடுத்து, நீளமான காஸ் துணிக்கு நடுவே பஞ்சை வைத்து, தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டும்படி எளிதாக மாற்றினார். எந்தக் கடையிலும் கிடைக்கிற பொருள், யார் வேண்டுமானாலும் செய்யலாம், செலவு ரொம்பக் கம்மி. டாக்டர், நர்ஸ், பிணம் தூக்குபவர், போலீஸ் எல்லோரும் கட்டணும் என்றார்.

டாக்டர் மெஸ்னி

ஜனவரி தொடக்கத்தில் ஜெரால்டு மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர், தியான்ஜினில் பேராசிரியர், பிளேக்கை நேரில் பார்த்த அனுபவமும் உண்டு. சின்னப் பையன் ஒருவனுக்குக் கீழே வேலை செய்ய அவருக்கு மனசில்லை. பொறுப்பைத் தன்னிடம் தரவேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருந்தார். மூச்சில் பரவுகிறது என்ற வாதத்தைக் கோபமாக நிராகரித்தார். வூ சீனர் என்பதும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது. வாக்குவாதம் முற்றியதும் வூ பெய்ஜிங்குக்குத் தந்தி அனுப்பி ராஜினாமா செய்ய முன்வந்தார். அரசு வூ பக்கம் நின்றது.

மெஸ்னி மாஸ்க் இல்லாமல் ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பரிசோதித்தார். ஒரு வாரத்துக்குள், ஜனவரி 11ஆம் தேதி, இறந்துபோனார்.

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. வில்லன் தண்டனை வாங்கினான் என்பது மாதிரி இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஸ்னி கோழை இல்லை. சாவு நடக்கும் ஊருக்குத் தானாகவே வந்தவர். தெரிந்த பாடத்தை அதிகமாக நம்பினார், அவ்வளவுதான். லேபில் பழைய ரீடிங்கையே நம்பிக்கொண்டு புது ரீடிங் தப்பு என்று நாம் எத்தனை தடவை அழித்திருக்கிறோம்? நமக்கு மார்க் போகும். அவருக்கு உயிர் போனது. தெற்கே முக்டென் நகரில் ஆர்தர் ஜாக்சன் என்ற டாக்டரும் அதே ஜனவரியில் இறந்தார். ரயிலில் வந்த தொழிலாளர்களைப் பரிசோதித்தவர். அவருக்கு 26 வயது. என்னைவிட 5 வயதுதான் பெரியவர்.

மெஸ்னியின் மரணத்துக்குப் பிறகு ஹார்பினில் மாஸ்க் இல்லாத முகத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

கையில் இருப்பதை வைத்து

ஃபூஜியாடியனை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த டாக்டர். ஒவ்வொரு பகுதி மக்களுக்கும் ஒரு நிறத்தில் கைப்பட்டை. அனுமதி இல்லாமல் அடுத்த பகுதிக்குப் போக முடியாது. வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆட்கள், வெளியே காவலுக்கு ராணுவம்.

நோயாளியுடன் இருந்தவர்களைத் தனியாக வைக்க இடம் வேண்டுமே? அந்தக் குளிரில் கட்டடம் கட்ட முடியாது. வூ ரஷ்ய ரயில்வேயிடம் கேட்டு 120 சரக்குப் பெட்டிகளை வாங்கினார். உள்ளே அடுப்பு வைத்துச் சூடாக்கி, ஆட்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகத் தங்கவைத்தார். தினமும் காய்ச்சல் பார்த்து, சில நாள் வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பினார். யாருக்காவது வந்துவிட்டால் பாதிப்பு அந்த ஒரு பெட்டியோடு நிற்கும். நோயைப் பரப்பிய ரயிலே நோயை நிறுத்தவும் பயன்பட்டது. நம்ம டிசைன் கிளாஸில், கிடைக்காத பொருளுக்கு டிசைன் பண்ணாதே என்று சொல்லுவாங்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை. ரயில்களையும் கட்டுப்படுத்தினார்கள். தெற்கே போகும் தொழிலாளர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

இருந்தும் ஜனவரி கடைசியில் தினமும் நூற்றுக்கு மேல் சாவு. வூ ஊருக்கு வெளியே இருந்த இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தார். நிலம் பாறை மாதிரி உறைந்து கிடந்தது, குழி தோண்டவே முடியவில்லை. 2,000க்கு மேற்பட்ட சவப்பெட்டிகளும் உடல்களும் பனியில் அப்படியே வரிசையாகக் கிடந்தன. குளிரில் கிருமி சாகாது. எலிகள் அந்த உடல்களைத் தொட்டால், பனி உருகினால், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று பயந்தார்.

எரிப்பதுதான் வழி. நமக்கு எரிப்பது வழக்கமான விஷயம். அங்கே அப்படி இல்லை. முன்னோர் உடலை முழுதாக மண்ணில் வைத்து வணங்குவது மகனின் கடமை. எரிப்பது அவமரியாதையிலும் அவமரியாதை. யாரையும் கேட்காமல் ராணுவத்தை வைத்து எரித்திருக்கலாம். வூ அதைச் செய்யவில்லை. உள்ளூர் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டினார். அவர்களின் ஆதரவோடு பேரரசருக்கு விண்ணப்பம் அனுப்பினார். தினமும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்க, பதிலுக்காகக் காத்திருந்தார். மருத்துவ முடிவுகளில் காத்திருக்காத மனிதர், இந்த ஒன்றுக்கு மட்டும் காத்திருந்தார்.

ஜனவரி 30, சீனப் புத்தாண்டு அன்று அனுமதி வந்தது. மறுநாள் உடல்களை நூறு நூறாக அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். அதிகாரிகளும் வந்து நின்று பார்த்தார்கள்.

அதன்பிறகு எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. மார்ச் 1ஆம் தேதி ஹார்பினில் கடைசி நோயாளி. மொத்தமாக சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள். நோய் வந்தவர்களில் பிழைத்தவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. தடுப்புப் பணியில் இருந்த ஏறத்தாழ 3,000 பேரில் 300 பேர் அளவுக்கு இறந்தார்கள். அவர்களில் பலர் பிணம் தூக்கியவர்களும் வண்டி ஓட்டியவர்களும் சமையல்காரர்களும்.

இதில் எது வேலை செய்தது, மாஸ்க்கா, ரயில் பெட்டியா, எரித்ததா? எல்லா வேரியபிளையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டதால் பிரித்துச் சொல்ல முடியாது. பரிசோதனையாகப் பார்த்தால் மோசமான பரிசோதனை. ஆனால் அவர் அங்கே பேப்பர் போடப் போகவில்லை. ஒரு தடுப்பு தோற்றால் அடுத்தது தாங்கட்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். நாம் பாலத்துக்கு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி வைப்பதும் நமக்குத் தெரியாததற்காகத்தானே.

அப்புறம்

1911 ஏப்ரல் 3ஆம் தேதி முக்டெனில் 11 நாடுகளின் விஞ்ஞானிகள் கூடிய பிளேக் மாநாடு. தலைமை தாங்கியவர் 32 வயது வூ. காலனி அரசு மேல் பதவி தர மறுத்த அதே ஆள்.

அதே வருஷம் அக்டோபரில் புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரியில் பேரரசு முடிந்தது. இங்கேதான் அவர் செய்த இன்னொரு முக்கியமான வேலை வருகிறது. அரசாங்கம் இருக்குமா போகுமா என்று தெரியாத நேரத்திலும், ஹார்பினைத் தலைமையிடமாக வைத்து ஒரு நிரந்தரப் பிளேக் தடுப்புத் துறையை 1912ல் நிறுவினார். பணம் சுங்க வருமானத்திலிருந்து வரும்படி ஏற்பாடு. பெய்ஜிங்கில் யார் ஆட்சி மாறினாலும் மருத்துவமனையில் அடுப்பு எரியணும் இல்லையா? 1920-21ல் அதே நுரையீரல் பிளேக் மறுபடியும் மஞ்சூரியாவுக்கு வந்தது. இந்தத் தடவை சாவு சுமார் 9,300. அதுவும் சின்ன எண் இல்லைதான். ஆனால் 60,000 ஆகவில்லை.

1926ல் நுரையீரல் பிளேக் பற்றிய அவருடைய பெரிய நூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1930ல் சீனாவின் தேசியத் தனிமைப்படுத்தல் துறையின் முதல் தலைவர் ஆனார். 1935ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை.

1931ல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. இருபது வருஷம் கட்டியது கை நழுவியது. 1937ல் ஷாங்காய்ப் போரில் அவர் வீடும் போனது. மலாயாவுக்கே திரும்பி, ஈப்போவில் சாதாரண கிளினிக் போட்டு உட்கார்ந்தார். உலகப் போர்க் காலத்தில் அங்கேயும் ஜப்பானியர்கள் வந்தார்கள். அவர்களை எதிர்த்த கெரில்லாக்கள் வூவைக் கடத்திப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டு வந்தால், கெரில்லாவுக்கு உதவினார் என்று ஜப்பானியர்கள் சந்தேகப்பட்டார்கள். எப்படியோ தப்பித்தார். போர் முடிந்தும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1959ல் தன் வாழ்க்கை வரலாறு வெளியானது. 1960 ஜனவரி 21ஆம் தேதி, பிறந்த பினாங்கிலேயே, 80 வயதில் இறந்தார்.

இதையெல்லாம் போன செமஸ்டர் லீவில் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ரூல் தப்பில்லைடா என்ற மாதிரி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எரிப்பதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாரா என்று. ஆமாம்ப்பா, அதிகாரிகளைக் கூட்டிப் போய்க் காட்டினார், ராஜாவிடம் அனுமதி வாங்க நாள் கணக்காகக் காத்திருந்தார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எங்ககிட்டயும் யாராவது ஒருத்தர் வந்து ஏன்னு சொல்லியிருந்தா போதும்டா என்றார்.

அடுத்த பெருந்தொற்று எப்போது, எந்த ஊரிலிருந்து, எந்தப் பிராணியிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது சென்சாரோ ஆப்போ வென்டிலேட்டரோ செய்கிற வேலையில் நம்மில் சிலர் கட்டாயம் இருப்போம். பாதி டேட்டாவை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். அன்றைக்கு என் அப்பா கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.